உதுமானியப் பெண்களின் வீட்டு வாழ்வைக் காட்டும் ஐரோப்பிய ஓவியங்களைச் சான்றாகக் கொள்ளலாமா?

வினா – நிறமாலை

அனைவருக்கும் வணக்கம். 18ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புல் நகரத்துக் குடும்பங்களில் பெண்கள் வீட்டுக்குள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதி வருகிறேன். எழுத்துச் சான்றுகளோடு அக்காலத்து ஓவியங்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தேடியபோது, ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் ழான் பாப்டிஸ்ட் வான்மூர் படங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, செல்வந்தர் வீட்டுப் பெண் ஒருவர் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் அறையைக் காட்டுகிறது. தாய் படுக்கையில் இருக்க, உற்றார் பெண்கள் அவரைப் பார்க்க வந்திருக்கிறார்கள். பார்த்தவுடன் எனக்குத் தோன்றிய கேள்வி இதுதான்: அந்நிய ஆணான ஓவியர், கணவனும் நெருங்கிய உறவினரும் தவிர வேறு ஆண் எவரும் நுழைய முடியாத அறைக்குள் நின்று இதை எப்படி வரைந்திருக்க முடியும்? வரைந்திருக்க முடியாது என்றால், தலையணையின் பூவேலை முதல் பணிப்பெண்ணின் காலணி வரை இத்தனை நுணுக்கங்கள் எங்கிருந்து வந்தன?

அடுத்த நூற்றாண்டுக்கு வந்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. வான்மூரின் பெண்கள் துணி தைக்கிறார்கள், காப்பி அருந்துகிறார்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். 19ஆம் நூற்றாண்டு ஓவியர்களின் பெண்களோ பெரும்பாலும் ஆடையின்றிக் குளியல் மண்டபத்தில் சாய்ந்து கிடக்கிறார்கள். இந்த மாற்றம் உதுமானிய வீடுகளில் நேர்ந்ததா, ஐரோப்பிய ஓவியக் கூடங்களில் நேர்ந்ததா? இத்தகைய படங்களை வீட்டு வாழ்வுக்குச் சான்றாக எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம்? இத்துறையில் பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி – ஏட்டுச்சுவடி

உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் ஒரு படத்தை முழுமையாக எடுத்துக்கொண்டு அது உண்மையா, கற்பனையா என்று கேட்டால் உருப்படியான விடை எதுவும் கிடைக்காது. உடை எங்கிருந்து வந்தது, அறை எங்கிருந்து வந்தது, உட்கார்ந்திருக்கும் பெண் யார் என்று மூன்றையும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் ஒரே விடை அமைவது மிகவும் அரிது.

இதற்கு மிகப் பழைய எடுத்துக்காட்டு நிக்கோலா த நிக்கோலாய் என்ற பிரெஞ்சுக்காரர். 1551இல் பிரெஞ்சுத் தூதரோடு இஸ்தான்புல் சென்ற அவர், பின்னர் உதுமானிய மக்களின் உடைகளைச் செதுக்குப்படங்களாக வெளியிட்டார். உயர்குடிப் பெண்களின் உடையைத் தாம் எப்படிப் பார்த்து வரைந்தார் என்பதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அரண்மனையில் வளர்ந்த, ரகூசா (இன்றைய துப்ரோவ்னிக்) நகரத்தைச் சேர்ந்த, விதைநீக்கப்பட்ட பணியாளர் ஒருவர் கடைவீதியில் விலையுயர்ந்த ஆடைகளை வாங்கி, பரத்தையர் இருவருக்கு அவற்றை உடுத்திவிட்டு, இவர் முன் நிறுத்தினாராம். உடை உண்மையானது, அதை உடுத்திய பெண் அந்த உடைக்குரியவர் அல்லர், அறையோ படத்தில் இல்லவே இல்லை. ஐரோப்பா முழுவதும் பல பதிப்புகளில் பரவி, பிற ஓவியர்கள் பார்த்து வரைவதற்கு நீண்ட காலம் மாதிரியாக விளங்கியவை இந்தப் படங்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வான்மூருக்கு வருவோம். அவர் 1671இல் வலென்சியென் நகரில் பிறந்தவர். 1699இல் பிரெஞ்சுத் தூதர் ஷார்ல் த ஃபெரியோலுடன் இஸ்தான்புல் சென்று, 1737இல் அங்கேயே இறந்தார். ஏறத்தாழ 38 ஆண்டுகள் ஓர் ஊரில் குடியிருந்தவரை வழிப்போக்கர் என்று தள்ளிவிட முடியாது. ஃபெரியோல் அவரிடம் நூறு படங்கள் வரையச் செய்தார். அவை செதுக்கப்பட்டு 1714இல் பாரிசில் தொகுப்பாக வெளிவந்தன. 1707, 1708ஆம் ஆண்டுகளில் நேரில் கண்டு தீட்டப்பட்ட படங்கள் என்று தலைப்புப் பக்கமே கூறிக்கொள்கிறது. கடைவீதியில் நின்ற தயிர்க்காரருக்கும் யானிசரிப் படைவீரருக்கும் அந்தக் கூற்று பொருந்தும். சுல்தானின் மனைவிக்குப் பொருந்தாது.

ஆனால் இடைப்பட்ட ஓர் உலகம் இருந்தது என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். வான்மூர் வாழ்ந்த பேரா பகுதி, கோல்டன் ஹார்ன் நீர்வழிக்கு வடக்கே, தூதரகங்களும் கத்தோலிக்க, கிரேக்க, ஆர்மீனியக் குடும்பங்களும் நிறைந்த பகுதி. அந்த வீடுகளிலும் சுவரோரம் தாழ்வான திவான் இருக்கை இருந்தது. பெண்கள் சல்வாரும் நீண்ட அங்கியும்தான் அணிந்தார்கள். விருந்தினருக்குக் காப்பியும் இனிப்பும் கொடுக்கும் முறையும் ஒன்றுபோலவே இருந்தது. அந்த வீடுகளுக்குள் அவர் போய்வர முடிந்தது. முஸ்லிம் வீடுகளின் பெண்கள் பகுதிக்குச் சென்றுவந்த தூதர் மனைவியரும் மொழிபெயர்ப்பாளர் வீட்டுப் பெண்களும் அவருக்குக் கேட்டறியும் தொலைவிலேயே இருந்தார்கள். ஆகவே நீங்கள் குறிப்பிடும் பேறுகால அறையை, பழகிய வீடு ஒன்றின் அமைப்பும் பெண்கள் வாய்மொழியாகச் சொன்ன செய்தியும் சேர்ந்து உருவான படம் என்று கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து. அவர் தனியாளாக இல்லாமல் உதவியாளர்கள் நிறைந்த பட்டறை வைத்திருந்தார் என்பதும், வாங்குவோர் கேட்டபோதெல்லாம் ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்ப வரைந்து கொடுத்தார் என்பதும் இங்கே முக்கியம். ஒரே அறை, ஒரே சாளரம், ஒரே இருக்கை பல படங்களில் வந்தால், அதைப் பல வீடுகளின் சான்றாக எண்ணிவிடக் கூடாது.

ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்கு இவை வந்த வழியும் கவனிக்கத்தக்கது. 1727 முதல் 1744 வரை இஸ்தான்புல்லில் டச்சுத் தூதராக இருந்த கொர்னேலிஸ் கால்கூன் இவற்றைச் சேர்த்தார். தாம் பார்த்த நாட்டையும் தம் பதவியின் சிறப்பையும் ஊரில் காட்ட விரும்பிய அதிகாரியின் தேவைக்கு ஏற்ப வரையப்பட்டவை இவை. சுல்தான் தம்மை வரவேற்ற காட்சியோடு தைக்கும் பெண்களும் திருமண ஊர்வலமும் ஒரே வரிசையில் தொங்கின. இறக்கும்போது அவர் இத்தொகுப்பை ஆம்ஸ்டர்டாமின் கிழக்கு மத்தியதரைக்கடல் வணிகத்தைக் கவனித்த மன்றத்துக்கு எழுதிவைத்தார். அதனால்தான் படங்கள் சிதறாமல் நம் காலம் வரை வந்தன.

மாதிரியாக அமர்ந்த பெண் யார் என்ற கேள்விக்கு இவர்களில் நேர்மையாக விடை தருபவர் ழான் எத்தியென் லியோத்தார். ஜெனீவாவில் பிறந்த இவர் 1738 முதல் 1742 வரை இஸ்தான்புல்லில் இருந்தார். தாடி வளர்த்து, உதுமானிய உடை அணிந்து, ஐரோப்பாவுக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கோலத்திலேயே நடமாடி, துருக்கிய ஓவியர் என்றே பெயர் பெற்றார். (விளம்பரம் செய்துகொள்ளத் தெரிந்த மனிதர்.) குளியல் மண்டபத்தில் ஒரு பெண்ணும் அவரது சிறு பணிப்பெண்ணும் நிற்கும் படத்தை இவர் பலமுறை வரைந்தார். பெண்ணின் கையில் நீண்ட புகைக்குழாய். விரல் நுனிகளில் மருதாணிச் சிவப்பு. ஈரத்தரையில் ஆடை படாதபடி இருவரும் உயரமான மரக் காலணி மீது நிற்கிறார்கள். சிறுமி தலையை உயர்த்தித் தலைவியின் முகத்தைப் பார்க்கிறாள். இந்தப் படத்தின் ஒரு வடிவம் ‘பிராங்கியப் பெண்ணும் பணிப்பெண்ணும்’ என்றே அறியப்படுகிறது. அதாவது ஐரோப்பிய வழிவந்த, இஸ்தான்புல்லில் குடியேறிய கத்தோலிக்கப் பெண். பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள இன்னொரு படத்தில் திவானில் அமர்ந்து இசைக்கருவி மீட்டுபவர், கிரிமியாவில் பிரெஞ்சுத் துணைத்தூதராக இருந்தவரின் மகள் எலேன் கிளாவனி. எதிரே துருக்கிய உடையில் உட்கார்ந்திருப்பவர் லெவெட் என்ற ஆங்கிலேய வணிகர். பெயர் தெரியாமல் இந்தப் படத்தைப் பார்க்கும் எவரும் துருக்கியத் தம்பதி என்றே எழுதிவிடுவார்கள்.

மறுமொழி – பட்டுநூல்

ஏட்டுச்சுவடி அவர்கள் சொன்ன மூன்று கேள்விகளில் முதல் கேள்விக்கு மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் துணியும் பாத்திரமும்தான் நான் பார்க்கும் துறை.

துணி விஷயத்தில் 18ஆம் நூற்றாண்டு ஓவியர்களை நான் பெரிதும் நம்புகிறேன். சோதிப்பதற்கு நமக்கு வேறு வழிகள் இருப்பதே காரணம். இறந்தவரின் உடைமைகளை வாரிசுகளுக்குப் பிரிக்கும்போது காதி (இசுலாமிய நீதிபதி) மன்றத்தில் எழுதப்பட்ட பட்டியல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. மெத்தை, திண்டு, போர்வை, செம்புத் தட்டு, காப்பிப் பாத்திரம், குளியல் துண்டு, மென்மயிர் உள்ளிட்ட மேலங்கி என்று ஒவ்வொன்றும் மதிப்போடு குறிக்கப்பட்டிருக்கும். அருங்காட்சியகங்களில் உண்மையான பூவேலைத் துணிகளும் இருக்கின்றன. இவற்றை வைத்துக்கொண்டு லியோத்தாரின் படங்களைப் பார்த்தால், ஆடையின் வெட்டு, இடுப்புப் பட்டையின் முடிச்சு, கையின் நீளம் ஆகியவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மேசையும் நாற்காலியும் கட்டிலும் இல்லாத அறையில் மெத்தையும் திண்டும் விரிப்பும்தான் குடும்பத்தின் செல்வம். பகலில் அலமாரிக்குள் போகும் படுக்கை இரவில் வெளியே வரும். வட்டமான பெரிய தட்டை வைத்தால் அதே அறை உணவறை ஆகிவிடும். இதை ஓவியர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் ஒரு பழக்கத்தை அவர்கள் காட்டும் விதத்தில் கவனம் தேவை. காப்பி பரிமாறுவதை எடுத்துக்கொள்ளுங்கள். செல்வந்தர் வீட்டில் அது ஒருவர் செய்யும் வேலை அன்று. கெட்டில் ஆறாமல் இருக்கத் தணல் நிறைந்த சிறு பாத்திரத்தில் அதை வைத்து, மூன்று சங்கிலிகளில் தொங்கவிட்டு ஒரு பெண் ஏந்தி வருவாள். பொன்னிழை வேலைப்பாடு செய்த வட்டத் துணியோடு தட்டைப் பிடித்து இன்னொருத்தி நிற்பாள். மூன்றாமவள் பிடியில்லாத சிறு கோப்பையில் ஊற்றி, அதை உலோகக் கூட்டில் பொருத்தி விருந்தினர் கையில் கொடுப்பாள். விருந்தினரின் தகுதிக்கேற்ப இந்த முறைமை கூடும், குறையும். 1750களில் கார்ல் வான் லூ என்ற பிரெஞ்சு ஓவியர், மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலியான பொம்பதூர் சீமாட்டியின் பெல்வியூ மாளிகைப் படுக்கையறைக்காக ‘காப்பி அருந்தும் சுல்தானா’ என்ற படத்தை வரைந்தபோது, இத்தனையும் கரைந்துபோய், கறுப்பினப் பணிப்பெண் ஒருத்தி கோப்பையை நீட்ட, சீமாட்டி அதை வாங்கும் அழகிய சைகையாக மட்டும் சுருங்கிவிட்டது. வான்மூரின் செதுக்குப்படங்களே பிரெஞ்சு ஓவியர்களுக்கு உடை மாதிரி நூலாக இருந்தன. உடை பாரிசுக்குப் பயணம் செய்தது. வீட்டின் ஒழுங்கு கூடவே போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் படங்களில் தட்டு ஏந்தி நிற்கும் பெண்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை. பெரிய வீடுகளில் அவர்களில் பலர் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள். காக்கேசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். இஸ்தான்புல்லின் அடிமைச் சந்தை 1840களின் பிற்பகுதியில்தான் மூடப்பட்டது. அதன் பிறகும் விற்பனை தனியார் வீடுகளில் தொடர்ந்தது. வீட்டு வாழ்வு பற்றி எழுதும் கட்டுரை, திவானில் அமர்ந்திருப்பவர்களை மட்டும் பேசிவிட்டு நின்றுகொண்டிருப்பவர்களை விட்டுவிடுமானால் அது பாதிக் கட்டுரைதான்.

மறுமொழி – அயல்வாசி

மேலே எழுதிய இருவரும் 18ஆம் நூற்றாண்டோடு நிறுத்திக்கொண்டதால், வினாவின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். மாற்றம் நிகழ்ந்தது வீடுகளில் அன்று, ஓவியக் கூடங்களில்தான். அதற்குத் தெளிவான சான்று ஒரு கடிதமும் ஒரு படமும்.

ஆங்கிலத் தூதரின் மனைவியான லேடி மேரி வோர்ட்லி மாண்டேகு 1717இல் சோஃபியா நகரத்தில் பெண்களின் குளியல் மண்டபத்துக்குச் சென்றதை ஒரு கடிதத்தில் விரித்து எழுதியிருக்கிறார். அங்கே சுமார் இருநூறு பெண்கள் இருந்ததாகவும், ஆடையின்றி இருந்தும் ஒருவரிடமும் தகாத சைகையோ ஏளனச் சிரிப்போ இல்லை என்றும், சிலர் பேசிக்கொண்டும் சிலர் கைவேலை செய்துகொண்டும் சிலர் காப்பியோ சர்பத்தோ அருந்திக்கொண்டும் இருந்ததாகவும், ஊர்ச் செய்தியெல்லாம் பேசப்படும் பெண்களின் காப்பிக்கடை போன்ற இடம் அது என்றும் சொல்கிறார். குதிரையேற்ற உடையோடு நின்ற இவரையும் உடை களையச் சொல்லி வற்புறுத்தினார்களாம். உள்ளே இறுக்கிக் கட்டியிருந்த கச்சைத் திறந்து காட்டியதும், இது கணவன் பூட்டிவைத்த பொறி, பாவம் இவள் என்று எண்ணி விட்டுவிட்டார்களாம். அடைபட்டிருப்பவர் யார் என்பதில் அந்த மண்டபத்தின் பார்வை நேர்மாறாக இருந்ததை அவர் மகிழ்ச்சியோடுதான் பதிவு செய்கிறார்.

இந்தக் கடிதங்கள் அவர் இறந்த பிறகு, 1763இல் அச்சேறின. நூறு ஆண்டு கழித்து பிரெஞ்சு ஓவியர் ழான் ஓகுஸ்த் தொமினிக் ஆங்க்ர் இவற்றின் பகுதிகளைத் தம் குறிப்பேட்டில் படியெடுத்து வைத்துக்கொண்டு ‘துருக்கியக் குளியல்’ என்ற படத்தை வரைந்தார். அவர் ஒருமுறைகூட உதுமானிய நாட்டில் கால் வைத்ததில்லை. முன்னால் முதுகு காட்டி அமர்ந்து இசைக்கும் பெண், 1808இல் அவரே வரைந்த வேறொரு படத்திலிருந்து எடுத்து வைக்கப்பட்டவர். கையைத் தலைக்குமேல் உயர்த்திச் சாய்ந்திருப்பவரின் தோற்றத்துக்கு அவர் தம் மனைவியைப் பார்த்து வரைந்து வைத்திருந்த பழைய கோட்டோவியம் உதவியது. கடிதத்தில் கைவேலை செய்துகொண்டிருந்தவர்களும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர்களும் படத்தில் காணாமல் போனார்கள். ஆக, ஆடையின்மையை ஆங்க்ர் கற்பனை செய்யவில்லை; அந்தப் பெண்களின் வேலையையும் பேச்சையும்தான் எடுத்துவிட்டார். முதலில் சதுரமாக இருந்த படத்தை, பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் உறவினரான இளவரசர் நெப்போலியன் வாங்கி, அவர் மனைவிக்கு ஒவ்வாததால் திருப்பி அனுப்பினார். அதன்பின் ஆங்க்ர் அதை வட்ட வடிவாக மாற்றி 1862 என்று ஆண்டிட்டார். அப்போது அவருக்கு வயது 82. பிறகு அதை வாங்கிய கலில் பே, பாரிசில் வாழ்ந்த உதுமானிய அரசதந்திரி என்பது இந்தக் கதையின் எதிர்பாராத திருப்பம்.

குளியல் மண்டபங்களில் எல்லாரும் ஆடையின்றித்தான் இருந்தார்கள் என்பதும் உறுதியில்லை. 1836இல் இஸ்தான்புல்லில் இருந்த ஆங்கில எழுத்தாளர் ஜூலியா பார்டோ, லேடி மேரி கண்டதாகச் சொல்லும் காட்சியைத் தாம் காணவில்லை என்று மறுத்து, பெண்கள் துணி சுற்றியே இருந்ததாக எழுதுகிறார். ஊரும் காலமும் வேறு. இருவரும் உண்மையே சொல்லியிருக்கலாம்.

ஒரு விஷயத்தில் பொதுவான கருத்தோடு நான் மாறுபடுகிறேன். உடலழகுப் படங்கள் யாவும் ஐரோப்பியர் திணித்தவை என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. உதுமானிய நுண்ணோவியர் அப்துல்லா புகாரி 1741–42 வாக்கில் குளிக்கும் பெண்ணின் ஓவியத்தை வரைந்திருக்கிறார். அவருக்கு முன்னவரான லெவ்னி, தனித்தனிப் பெண்களை ஒயிலாக நிற்கவும் படுக்கவும் வைத்து வரைந்தார். பார்த்து ரசிக்கும் ஆணின் கண் உள்ளூரிலும் இருந்தது. ஐரோப்பியர் சேர்த்தது அதன் மேல் ஒரு நாட்டையே குறிக்கும் முத்திரையை.

பிரெஞ்சு ஓவியர் ழெரோம் 1885இல் வரைந்த ‘புர்சாவின் பெருங்குளியல்’ இதற்குக் கச்சிதமான எடுத்துக்காட்டு. அந்த மண்டபம் புர்சா நகரத்தில் 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட உண்மையான கட்டடம். தூண், ஓடு, குவிமாடத் துளைகள் வழியே விழும் ஒளி எல்லாம் நேரில் பார்த்தவர் வரைந்தவை. ஆனால் அந்தப் பெண்கள் பாரிஸ் பட்டறையின் மாதிரிப் பெண்கள். சரியாக வரையப்பட்ட ஓடு, பொய்யான உடலுக்குப் பிணை கொடுக்கிறது.

பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவாவின் ‘அல்ஜியர்ஸ் பெண்கள்’ (1834) உங்கள் கட்டுரைக்கு வேண்டாம். அல்ஜியர்ஸ் 1830 வரை உதுமானிய ஆட்சியின் கீழ் இருந்தது உண்மைதான். ஆனால் அவர் அங்கு போனது 1832இல், பிரெஞ்சுப் படை நகரைப் பிடித்த பிறகு. அங்குப் பெண்கள் பகுதியின் கதவு அவருக்குத் திறந்ததற்குக் காரணம் அந்த ஆட்சி மாற்றமே.

நிறமாலை

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒரு கேள்வி எழுகிறது. பெண்கள் பகுதிக்குள் தடையின்றிச் செல்லக்கூடிய ஐரோப்பியப் பெண் ஓவியர்கள் வரைந்தவற்றை நேரடிச் சான்றாகக் கொள்ளலாமா? உதுமானிய ஓவியர்களே தம் வீட்டை வரைந்திருப்பார்களே, அவற்றை எப்படி அணுகுவது?

மறுமொழி – ஏட்டுச்சுவடி

கதவுக்குள் நுழைந்துவிட்டால் உண்மை கிடைத்துவிடும் என்று எதிர்பார்த்தால் இங்கும் ஏமாற்றம்தான், ஆனால் சுவையான ஏமாற்றம்.

ஆன்ரியெட் பிரௌன் என்ற பெயரில் வரைந்த பிரெஞ்சுப் பெண் ஓவியர் 1860இல் இஸ்தான்புல் சென்று, 1861ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ‘ஒரு வருகை’ என்ற படத்தை வைத்தார். அகன்ற கூடம், ஏறக்குறைய வெறுமையான சுவர்கள், நீண்ட எளிய அங்கிகள் அணிந்த பெண்கள், அவர்களிடையே ஒரு குழந்தை. வெளியே செல்லும் மேலாடையோடு வந்திருக்கும் விருந்தினரை வீட்டுப் பெண்கள் எழுந்து வரவேற்கிறார்கள். நகைக் குவியல் இல்லை, நீரூற்று இல்லை, எவரும் சாய்ந்து மயங்கிக் கிடக்கவில்லை. பார்த்தவர்களில் சிலருக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதே இதற்குக் கிடைத்த நற்சான்று என்பேன். எனினும் தாம் பார்த்த ஒரு வீட்டைப் பாரிஸ் பார்வையாளருக்காக அடக்கமான, கண்ணியமான வரவேற்பறைக் காட்சியாக அவர் அமைத்துக்கொண்டார் என்பதையும் மறக்கக் கூடாது.

டென்மார்க்கில் வாழ்ந்த எலிசபெத் யெரிகாவ்-பௌமன் இதற்கு நேர் எதிர். டென்மார்க்கில் பிறந்த வேல்ஸ் இளவரசி அலெக்சாண்டிராவின் அறிமுகக் கடிதத்தோடு 1869–70இல் இஸ்தான்புல் சென்றார். எகிப்திய ஆட்சிக் குடும்பத்தைச் சேர்ந்த முஸ்தபா ஃபாசில் பாஷாவின் மகள் நஸ்லியின் வீட்டில் அவருக்கு அன்பான வரவேற்பு கிடைத்தது. அந்த வீட்டுப் பெண்களோ பாரிஸ் நாகரிக உடையில் இருந்தார்கள்; பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசினார்கள். ஓவியருக்கு அது உவப்பாக இல்லை. அவர் தேடிப் போனது பழைய துருக்கிய உடையை. ஐரோப்பாவுக்குத் திரும்பிய பின் 1875இல் நஸ்லியின் பெயரிட்டு அவர் வரைந்த படம் ஆண் ஓவியர்களின் மஞ்சத்து அழகியிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. அறைக்குள் உட்கார்ந்து பேசிப் பழகியவரும், விற்பனைக்கு வரையும்போது சந்தை கேட்டதைத்தான் வரைந்தார். நஸ்லி பிற்காலத்தில் கெய்ரோவில் அரசியலாளரும் அறிஞரும் கூடும் வரவேற்பறை ஒன்றை நடத்தியவர் என்பதை அந்தப் படத்தின் அருகில் வைத்துப் பாருங்கள்.

கெய்ரோவில் பத்தாண்டு வாழ்ந்த ஆங்கில ஓவியர் ஜான் ஃபிரெடரிக் லூயிஸ் பற்றியும் ஒரு வரி. 1873இல் அவர் வரைந்த ‘வரவேற்பு’ படத்தில் மரப் பின்னல் சாளரங்கள் வழியே ஒளி சல்லடையாக விழ, வீட்டுத் தலைவி விருந்தினப் பெண்களை வரவேற்கிறார். ஒவ்வொரு பின்னலும் துல்லியம். ஆனால் அந்த அறை ஆண் விருந்தினர்களுக்கான தரைத்தளக் கூடம். அவர் நன்கறிந்த அறை அதுவாக இருந்ததால் பெண்களை அங்கே கொண்டுவந்து அமர்த்திவிட்டார்.

அறையின் அமைப்புக்கு நான் பரிந்துரைப்பது அந்துவான் இஞ்ஞாஸ் மெல்லிங்கை. இவர் சுல்தான் மூன்றாம் செலீமின் சகோதரி ஹத்திஜே சுல்தானுக்கு மாளிகையும் தோட்டமும் அமைத்துக் கொடுத்த கட்டடக் கலைஞர். அவளோடு லத்தீன் எழுத்தில் துருக்கியக் கடிதங்கள் எழுதிக்கொண்டவர். அரண்மனைப் பெண்கள் பகுதியை அவர் குறுக்கே வெட்டித் திறந்தாற்போலத் தளம் தளமாக வரைந்திருக்கிறார்: ஓரிடத்தில் தட்டைச் சுற்றி உணவு, ஓரிடத்தில் தொழுகை. ஆட்கள் சிறியவர்கள், கட்டடமே கதாநாயகன். கட்டுபவரின் கண் என்பதால் நம்பிக்கை கூடுகிறது.

உதுமானிய ஓவியர்களுக்கு வருவோம். ஒஸ்மான் ஹம்தி பே பாரிசில் பயின்றவர். 1883இல் திறக்கப்பட்ட இஸ்தான்புல் நுண்கலைப் பள்ளியை நிறுவியவர். 1880இல் அவர் வரைந்த ‘இசைக்கும் இரு பெண்கள்’ படத்தில் பெண்கள் முழு ஆடையோடு, கருவியில் கருத்தூன்றி, யாருக்காகவும் இல்லாமல் தமக்காகவே இசைக்கிறார்கள். ழெரோமின் பெண்களிடம் காண முடியாதது இது. ஆயினும் பின்னணியில் உள்ள ஓடுகளும் கைப்பிடிச் சுவரும் புர்சாவின் பச்சைப் பள்ளிவாசலிலிருந்து எடுக்கப்பட்டவை. தம் வீட்டுக்குள் எந்நேரமும் போகக்கூடியவரும் வீட்டுக் காட்சிக்குப் பள்ளிவாசலின் சுவரை இரவல் வாங்கினார் என்றால், நம் மூன்று கேள்விகளை அவரிடமும் கேட்கத்தான் வேண்டும்.

கடைசி கலீபாவாக இருந்த அப்துல்மெஜித் 1915இல் வரைந்த ‘அந்தப்புரத்தில் பேத்தோவன்’ உங்கள் காலத்துக்கு வெளியே நிற்கிறது என்றாலும் பாருங்கள். ஐரோப்பிய உடை அணிந்த அவர் மனைவி வயலின் வாசிக்க, இன்னொரு பெண் பியானோவில் அமர்ந்திருக்க, அருகே பேத்தோவனின் மார்பளவுச் சிலை. 1918இல் வியன்னாவில் நடந்த கண்காட்சிக்கு இது அனுப்பப்பட்டது. ஐரோப்பியர் என்ன நினைக்க வேண்டும் என்று எண்ணி, வீட்டுக்காரரே வரைந்தனுப்பிய படம்.

உங்கள் கட்டுரைக்கு நான் செய்யும் பரிந்துரை: உடைக்கும் பொருளுக்கும் லியோத்தார், வான்மூர் இருவரையும் உடைமைப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பயன்படுத்துங்கள். அறைக்கு மெல்லிங். பெண்கள் வீட்டுக்குள் என்ன உரிமையோடு வாழ்ந்தார்கள் என்ற பகுதிக்கு ஓவியத்தை நாடவே வேண்டாம்; காதி மன்றப் பதிவுகளுக்குப் போங்கள். அங்கே வீடு விற்கும் பெண், கணவன்மேல் வழக்குத் தொடுக்கும் பெண், அறக்கட்டளை நிறுவும் பெண் எல்லாரும் இருக்கிறார்கள். 1546ஆம் ஆண்டு இஸ்தான்புல் அறக்கட்டளைப் பதிவேட்டில் உள்ள அறக்கட்டளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை பெண்கள் நிறுவியவை. பலதார மணத்தையும் படங்களைக் கொண்டு கணக்கிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இஸ்தான்புல்லில் மணமான ஆண்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் உடையவர் சுமார் 2 விழுக்காட்டினர்தான்.

படவிளக்கம் எழுதும்போது ‘துருக்கியப் பெண்’ என்று பொதுவாகப் போடாமல், மாதிரியாக அமர்ந்தவர் தெரிந்தால் அவர் பெயரையும், தெரியாவிட்டால் யாருக்காக எந்த ஆண்டு வாக்கில் வரையப்பட்டது என்பதையும் குறித்துவிடுங்கள். வான்மூர் படங்களை ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே பெரிய அளவில் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். காப்புரிமைத் தடை இல்லை. பேறுகால அறைப் படத்தையும் தைக்கும் பெண்கள் படத்தையும் அருகருகே பெரிதாக்கி, சாளரத்தையும் திவானையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.